இரண்டாவது ரயில்

என் காலை எடுத்த ரயிலை நான் பார்க்கவே இல்லை. பார்த்தது வேறொன்றை, நீளமான ஒரு சரக்கு ரயிலை. பெட்டிகளை எண்ணிக்கொண்டே நின்றேன், முப்பதுக்கு மேல் கணக்குத் தவறிவிட்டது. கேட் மூடியிருந்தது. ஓரத்தில் ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்ததால் ஏற்கெனவே உள்ளே வந்திருந்தேன். கடைசிப் பெட்டி கடந்ததும் நடந்தேன். ஹாரன் கேட்கத்தான் செய்தது. போய்க்கொண்டிருக்கும் வண்டியுடையது என்று எண்ணினேன். அடுத்த பாதையில் எதிர்த்திசையிலிருந்து வந்த பயணிகள் ரயிலை அந்தக் கடைசிப் பெட்டிதான் என் கண்ணுக்கு மறைத்திருந்தது.

தண்டவாளத்தைத் தாண்ட ஒரு எட்டுதான் பாக்கி. வண்டி என்னைத் தட்டி வெளியே எறிந்தது, வலது பாதம் மட்டும் உள்ளே சிக்கிக்கொண்டது. வலி உடனே வரவில்லை. தூக்க ஓடி வந்தவர்களை ஒரு பெண் கையை விரித்துத் தடுத்து, "முதலில் இரண்டு பக்கமும் பாருங்கள்!" என்று கத்தியது நினைவிருக்கிறது. ஒருவர் தன் துண்டை என் முழங்காலுக்கு மேலே கட்டி, அதில் ஒரு குச்சியைச் செருகி, ரத்தம் நிற்கும்வரை முறுக்கினார். ஆம்புலன்ஸ் வரும்வரை அந்தக் குச்சியை அவர் விடவில்லை. அந்த முறுக்கினால்தான் பிழைத்தேன் என்று அறுவை மருத்துவர் பிறகு சொன்னார்.

பாதத்தை ஒட்டவைக்க முடியாதா என்று வீட்டார் கேட்டிருக்கிறார்கள். கத்தியால் வெட்டியது போன்ற காயம் என்றால் முயலலாம்; சக்கரம் நசுக்கியதில் ரத்தக் குழாயும் நரம்பும் நெடுந்தூரம் நைந்துபோயிருக்கும். முழங்காலைக் காப்பாற்றினார்கள். அது எவ்வளவு பெரிய உதவி என்பது நடக்கத் தொடங்கியபோதுதான் விளங்கியது. முழங்காலும் போனவர்கள் ஒவ்வோர் அடிக்கும் என்னைவிட அதிகம் உழைக்க வேண்டியிருக்கிறது.

செயற்கைக் கால் உடனே கொடுத்துவிடுவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அதற்கு முன் மாதக்கணக்கில் மிச்சக் காலைத் தயார்செய்யும் வேலை இருக்கிறது. வீக்கம் வடிந்து, முனை கூம்பாக வர வேண்டும். அதற்காக இரவும் பகலும் இறுக்கமான கட்டு. சுகமாக இருக்கிறதே என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுத்தேன். இயன்முறை மருத்துவர் வந்தவுடன் அதை உருவி எறிந்தார். "முழங்கால் மடங்கியபடியே இறுகிவிட்டால் எந்தச் செயற்கைக் காலும் உங்களை நிமிர்த்தாது, அண்ணா" என்றார். பிறகு தழும்பைப் பழக்க வேண்டும்: முதலில் பஞ்சால், அடுத்து துணியால், கடைசியில் சொரசொரப்பான துண்டால் தேய்த்தேன். முதல் வாரம் பஞ்சுகூட நெருப்பாக எரிந்தது.

இல்லாத பாதம்தான் அதிகம் படுத்தியது. கட்டைவிரல் வளைந்து இழுக்கும், நீட்டிவிட விரல் கிடையாது. நரம்பியலாளர் வி.எஸ். ராமச்சந்திரன் 1990-களில் கண்டுபிடித்த கண்ணாடி முறையைச் செய்ய வைத்தார்கள். கால்களுக்கு நடுவே கண்ணாடி. நல்ல பாதத்தின் பிம்பம், போன பாதம் இருந்த இடத்தில் தெரியும். நல்ல பாதத்தின் விரல்களை மெதுவாக விரித்தால், இல்லாத விரலும் தளர்வதுபோல் இருக்கும். எல்லாருக்கும் பலிப்பதில்லை. எனக்குச் சில நாட்கள் பலித்தது, சில நாட்கள் வெறும் கண்ணாடியாகவே இருந்தது.

படுத்திருந்த நாட்களில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 90 கி.மீ. என்றால் நொடிக்கு 25 மீட்டர். இரட்டைப் பாதையைக் கடக்க எனக்கு எட்டு நொடி. அதற்குள் ரயில் 200 மீட்டர் வந்துவிடும். அவசர பிரேக் போட்டாலும் அந்த வேகத்தில் வண்டி நிற்கப் பல நூறு மீட்டர் வேண்டும், கனமான சரக்கு ரயிலுக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேலும் ஆகலாம். இரும்புச் சக்கரம், இரும்புத் தண்டவாளம், பிடிமானம் அவ்வளவுதான். ஓட்டுநரால் ஒதுங்கவும் முடியாது. தண்டவாளத்தைத் தாண்டிவிட்டால் தப்பித்தோம் என்பதும் தவறு. பெட்டி இரண்டு, மூன்று அடி வெளியே நீட்டிக்கொண்டு வருகிறது.

ரயிலைப் பார்த்திருந்தாலும் தப்பியிருப்பேனா என்பது வேறு கேள்வி. பெரிய பொருள் உண்மையான வேகத்தைவிட மெதுவாக வருவதாகக் கண்ணுக்குத் தோன்றும் என்று ஹெர்ஷல் லீபோவிட்ஸ் என்ற உளவியலாளர் 1985-இல் எழுதியிருக்கிறார். நேரே நம்மை நோக்கி வருவது பக்கவாட்டில் நகராது, கொஞ்சம் பெரிதாவது மட்டும்தான் தெரியும். "இன்னும் தூரத்தில்தானே இருக்கிறது" என்று கண்ணை நம்பிக் கிளம்பினால் கெட்டோம்.

ஆகவே எச்சரிக்கைப் பலகைகள் மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. நான் நுழைந்த இடைவெளிக்குப் பக்கத்திலும் ஒன்று இருந்தது. வேலி வேண்டும், அந்த வேலியில் இருந்து எட்டும் தொலைவில் நடைமேம்பாலமோ சுரங்கப்பாதையோ வேண்டும். இல்லாவிட்டால் மறுவாரமே வேலியில் ஓட்டை விழும். நடப்போர் கடக்கும் இடத்தில் தடுப்புகளை வளைத்து வளைத்து அமைத்து, நம்மை அறியாமலே ரயில் வரும் பக்கம் முகம் திரும்பும்படி செய்வது நல்ல ஏற்பாடு. ஒரு ரயில் போன பிறகும் கேட் திறக்கவில்லை, விளக்கு அணையவில்லை என்றால் இன்னொன்று வரக்கூடும். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை என்று சொல்ல முடியாது, சொல்லித்தான் இருந்தார்கள்.

இணைக் கம்பிகளைப் பிடித்து நடந்து, பிறகு ஊன்றுகோலுடன் நடந்து, கடைசியாகப் படிகள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது செயற்கைக் கால் முதலில். வேலைக்குத் திரும்பியதிலிருந்து தினமும் அதே பாதையைக் கடக்கிறேன், மேம்பாலத்தின் வழியாக. மாலையானால் மிச்சக் கால் சற்றுச் சுருங்கி, அதைப் பொருத்தும் செயற்கைக் காலின் கிண்ணம் (சாக்கெட்) தளர்ந்துவிடும். பாதிப் படியில் ஓரமாக உட்கார்ந்து, மிச்சக் காலில் இன்னொரு உறையை மாட்டிக்கொண்டு, மீதிப் படிகளை ஏறுகிறேன்.