பரணில் கிடந்த ஆண்டவர்

அம்மா மியூனிக் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. நகரத்துப் பெரிய கத்தோலிக்கக் கோயில்களை எல்லாம் சுற்றிக் காட்டிவிட்டேன். "இம்புட்டுப் பெரிய கோயில்ல சாமி கும்பிட ஆளே இல்லையே ஏட்டி" என்று அவளுக்கு ஒரே குறை. அதனால்தான் ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டு வீஸ் கோயிலுக்குக் கூட்டிப் போனேன்.

வீஸ் என்றால் புல்வெளி. ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் ஷ்டைன்காடன் என்ற கிராமம் இருக்கிறது. அதற்குச் சொந்தமான சில பண்ணை வீடுகள், மேயும் மாடுகள், நடுவில் ஒரு கோயில், அவ்வளவுதான் வீஸ். பள்ளிக்கூடம், கடைத்தெரு என்று எதையும் எதிர்பார்த்துப் போகக் கூடாது.

ஃபூஸன் வரை ரயில், அப்புறம் பஸ். ஷ்டைன்காடனில் இறங்கி நான் பராக்குப் பார்த்துக்கொண்டிருந்ததில் வீஸுக்குப் போகும் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு நேரம் கிடந்ததால் அங்கிருந்த மடத்துக் கோயிலுக்குள் நுழைந்தோம். 1147இல் ஆறாம் வெல்ஃப் என்ற பிரபு கட்டுவித்த மடம் அது. அவருடைய கல்லறையும் அங்கேதான். 1525 விவசாயிகள் கலகத்தில் சூறையாடப்பட்டு, முப்பதாண்டுப் போரில் தீக்கிரையாகி, மறுபடி எழுந்த கோயில். வெளியே கரடுமுரடான பழங்கற்சுவர், உள்ளே முழுக்கப் பூவேலை. அம்மா சுற்றிப் பார்த்துவிட்டு, "சரி, நடந்தே போவோம். வேளாங்கண்ணிக்கு நடந்தவதான நான்" என்றாள்.

வீஸுக்கு ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். வழியில் கொஞ்ச தூரம் சதுப்பு நிலம். கால் புதையாமல் இருக்க அதன் மேல் மரப்பலகைகளை அடுக்கிப் பாதை போட்டிருக்கிறார்கள். பலகை ஒவ்வொன்றும் மிதிக்க மிதிக்க லேசாக அமுங்கி, அடியில் 'ப்ளக்' என்று தண்ணீர் சத்தம். அம்மா செருப்பைப் பார்த்து நடப்பதா, செபமாலையைப் பிடிப்பதா என்று திணறிவிட்டு, கடைசியில் மாலையை விரலில் சுற்றிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை என்பதால் துக்க தேவ ரகசியங்கள், அதாவது ஏசுவின் பாடுகளை ஐந்து பகுதியாகத் தியானித்துச் சொல்லும் செபம். முதலாவது முடிந்து, "கற்றூணில் கட்டுண்டு அடிபட்டதைத் தியானிப்போமாக" என்று இரண்டாவதைத் தொடங்கும்போது மரங்களுக்கு இடையே வெள்ளைச் சுவர் தெரிந்தது. இது நான் திட்டமிட்டதில்லை. நாங்கள் தேடிப் போனது அந்த ஆண்டவரைத்தான்.

கதை 1730இல் தொடங்குகிறது. ஷ்டைன்காடன் மடத்துத் துறவிகள் பெரிய வெள்ளிப் பவனிக்கு ஏசுவின் சுரூபம், அதாவது சிலை, ஒன்று வேண்டும் என்று நினைத்தார்கள். புதிதாகச் செதுக்கவில்லை. பழைய மரச்சுரூபங்களின் மிச்சத்தைத் தேடி, தலை ஒன்றிலிருந்து, கை இன்னொன்றிலிருந்து என்று சேர்த்தார்கள். மூட்டுகளில் லினன் துணியைச் சுற்றி, மேலே பெயின்ட் அடித்தார்கள். தூணோடு சங்கிலியால் கட்டுண்டு, உடம்பெல்லாம் ரத்தம் வழியும் ஆண்டவர் உருவானார். சில வருடம் பவனியில் போனார். பார்ப்பவர்களுக்கு மனசு தாங்கவில்லை, அவ்வளவு பரிதாபம். 1734க்குப் பிறகு பவனியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். சுரூபம் ஊரில் ஒரு விடுதிக்காரர் வீட்டுப் பரணுக்குப் போனது.

நம்மூரில் இப்படிக் கைகால் ஒட்டுப்போட்ட சுரூபத்தைக் கோயில் ஸ்டோர் ரூமில் பார்த்திருக்கிறேன், உடைந்த மைக் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில். யாரும் அதன் முன் முழந்தாள் போட்டுப் பார்த்ததில்லை.

வீஸில் மரியா லோரி என்று ஒரு பண்ணைக்காரப் பெண் இருந்தார். அவர் 1738 மே மாதம் அந்தச் சுரூபத்தைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனார். ஜூன் 14 மாலை செபம் சொல்லும்போது அதன் முகத்தில் கண்ணீர்த் துளிகளைக் கண்டார். செய்தி பரவியது. பக்கத்துப் பண்ணைக்காரர்கள் வந்தார்கள், பிறகு பக்கத்து நாட்டுக்காரர்களும் வந்தார்கள். 1740 வாக்கில் சின்னதாக ஒரு சிற்றாலயம் கட்டினார்கள், கூட்டம் அதற்குள் அடங்கவில்லை. கண்ணீர் பார்த்ததன் நினைவாக இன்றும் ஜூனில் அங்கே திருவிழா நடக்கிறது.

பெரிய கோயிலின் வேலை 1745இல் தொடங்கியது. கட்டியவர் டொமினிகுஸ் ஸிம்மர்மான், அப்போது அறுபது வயது. 1754இல் அபிஷேகம் நடந்தது. கூரை ஓவியம் அவருடைய அண்ணன் யோஹான் பாப்டிஸ்ட் தீட்டியது. செலவு போட்ட கணக்கைத் தாண்டி எங்கோ போய், மடம் கடனில் சிக்கியது. ஸிம்மர்மானுக்கோ இந்தக் கோயிலை விட்டுப் பிரிய மனமில்லை. பக்கத்திலேயே வீடு கட்டிக் குடியேறி, 1766இல் அங்கேயே கண்ணை மூடினார். எனக்குப் பிடித்தது இந்தப் பகுதிதான். வேலை முடிந்தால் அடுத்த ஊருக்குக் கிளம்புகிற கொத்தனார் சாதி அது. இந்த ஒருவர் மட்டும் தங்கிவிட்டார்.

வெளியிலிருந்து பார்த்தால் பண்ணை வீட்டின் பெரிய அண்ணன் மாதிரி இருந்தது. கதவைத் தள்ளி உள்ளே போனதும் அம்மா நின்றுவிட்டாள். நீள்வட்டக் கூடம். இரண்டிரண்டாக நிற்கும் வெள்ளைத் தூண்கள். எந்த விளக்கும் போடாமலே அப்படி ஒரு வெளிச்சம், சன்னல்களை அந்த மாதிரி வைத்திருக்கிறார். பொன்னும் இளஞ்சிவப்பும் நீலமுமாகச் சுண்ணப் பூவேலை எங்கே சுவரில் முடிகிறது, எங்கே ஓவியமாகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. கூரையில் ஆண்டவர் வானவில் மேல் அமர்ந்திருக்கிறார். ஒரு முனையில் உலக முடிவின் நடுத்தீர்ப்புக்கான சிம்மாசனம், இன்னும் காலியாக. வாசல் பக்கத்து முனையில் நித்தியத்தின் கதவு, இன்னும் பூட்டியபடி. "இனிக் காலம் இராது" என்று அதன் மேல் லத்தீனில் எழுத்து.

அம்மா கூரையை அண்ணாந்து பார்த்தது இரண்டு நிமிடம்கூட இருக்காது. நேரே பீடத்துக்கு நடந்தாள். பீடத்தின் இருபுறமும் சிவப்புத் தூண்கள், ரத்தத்தின் நிறம். நடுவில், அத்தனை பொன்னுக்கும் உள்ளே, அதே ஒட்டுப்போட்ட சுரூபம். சுற்றியிருக்கும் வேலைப்பாட்டோடு ஒப்பிட்டால் அதில் கைத்திறன் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. பவனிக்கு வேண்டாம் என்று ஒதுக்கியதற்கு இத்தனை அலங்காரமா என்று எனக்குத் தோன்றியது. அம்மாவுக்கு வேறு கவலை.

"ரொம்ப அடிச்சிருக்கானுவ" என்றாள் மெதுவாக, பக்கத்து வீட்டுப் பையனைப் பற்றிச் சொல்வதுபோல. அப்புறம் முழந்தாளில் இருந்தபடியே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மரியா லோரி என்ன நினைத்து அதைக் கேட்டு வாங்கியிருப்பார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அற்புதமெல்லாம் பிற்பாடு வந்தது. முதலில் அந்தப் பரண் அவருக்குப் பொறுக்கவில்லை.

1803இல் பவேரிய அரசு மடங்களைக் கலைத்தபோது இந்தக் கோயிலையும் இடித்துவிடப் பார்த்தார்கள். விடக் கூடாது என்று நின்றவர்கள் சுற்றுவட்டாரப் பண்ணைக்காரர்கள்தான். 1983இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 1985 முதல் 1991 வரை பெரிய பழுதுபார்ப்பு நடந்தது. இன்று பஸ் பஸ்ஸாகச் சுற்றுலாக் கூட்டம் வருகிறது. பாதிப் பேர் கூரையைப் படம் எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். குறை சொல்லவில்லை, நானும் பதினாறு படம் எடுத்தேன். சுரூபத்தை எடுத்தது ஒன்றே ஒன்று, அதுவும் கை ஆடிவிட்டது.

பீடத்துக்குப் பின்பக்க நடையில் நேர்ச்சைப் படங்கள் வரிசையாக இருந்தன. கட்டிலில் நோயாளி, மண்டியிட்ட தாய், மேகத்துக்கு மேலே கட்டுண்ட ஆண்டவர். எழுத்து புரியாவிட்டாலும் அம்மா ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வந்தாள். "இவளுக்குப் பிள்ளைக்குச் சுகமில்ல. இவனுக்கு மாடு."

வெளியே கடையில் வீஸ்க்யூஹர்ல் சுடச்சுட வாங்கினேன். புளித்த மாவைக் கையால் இழுத்து நெய்யில் பொரிக்கிறார்கள். ஓரம் தடிமனாக, நடுவில் கண்ணாடி மாதிரி மெல்லிசாக இருக்கும், மேலே சர்க்கரைத்தூள். அம்மா நடுவை மட்டும் தின்றுவிட்டு ஓரத்தை என்னிடம் தந்தாள்.

கார் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் அந்தப் பழைய சிற்றாலயம் இன்னும் நிற்கிறது. யாரும் திரும்பிப் பார்க்காமல் கடந்து போகிறார்கள். அம்மா மட்டும் உள்ளே போய்ப் பத்து நிமிடம் கழித்து வந்தாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் பையில் கையை விட்டு மாலையைத் தேடினாள்.

"மூணாவதுலேர்ந்து சொல்லணும்ட்டி. நீ ஆரம்பி."