ராமநாதபுரம் கடற்கரையில் கேம்பர் வேனை எங்கே நிறுத்துவது?

தை மாதம் படுக்கை, தண்ணீர்த் தொட்டி, டாய்லெட் எல்லாம் உள்ளேயே இருக்கும் ஒரு கேம்பர் வேனை ஆறு நாள் வாடகைக்கு எடுத்துக்கொண்டு பட்டுக்கோட்டையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து சாயல்குடி வரைக்கும் போய்வந்தோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா. கிளம்புவதற்கு முன்னால் எங்கெங்கே நிறுத்துவது என்று ஒரு வாரம் உட்கார்ந்து நோட்டில் எழுதினேன். தேவிபட்டினம், அரியமான், பாம்பன், தனுஷ்கோடி, ஏர்வாடி என்று வரிசையாகப் பார்க்க வேண்டிய இடங்கள். இரண்டாவது நாளே அந்த வரிசையை அடித்துவிட்டு வேறு மாதிரி எழுத வேண்டியதாகிவிட்டது.

இந்தக் கரையில் ஊர்களுக்கு நடுவே தூரம் அதிகமில்லை. தொண்டியிலிருந்து ராமநாதபுரம் ஒரு மணி நேரம், அங்கிருந்து கீழக்கரை இன்னும் அரை மணி நேரம். அதனால் எங்கே இருட்டுகிறதோ அங்கே நிறுத்திப் படுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். அப்படி முடியாது. கோயிலையும் கடலையும் பகலில் எப்போது வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம், ஆனால் ராத்திரி வண்டி நிற்கும் இடத்தைத் தண்ணீரையும் காற்றையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் தண்ணீர். எங்கள் வண்டியில் 100 லிட்டர் தொட்டி. பாத்திரம் கழுவ, முகம் கழுவ, டாய்லெட்டுக்கு என்று ஐந்து பேர் எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செலவு செய்தாலும் அடுத்த நாள் காலைக்குள் தீர்ந்துவிடுகிறது. திருப்பாலைக்குடி தாண்டி ஓர் ஊரில் ரோட்டோரமாக ஒரு குழாயைப் பார்த்ததும் நிறுத்தினேன், பெரியவன் ஓஸ் பைப்பைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டான். பிளாஸ்டிக் குடங்களை அடுக்கிய நாலு சக்கரத் தள்ளுவண்டிகள் அங்கே வரிசையில் நின்றன. குழாயில் வந்த தண்ணீர் விரல் கனம்கூட இல்லை. அம்மா பின்னாலேயே இறங்கி அவன் கையிலிருந்து பைப்பை வாங்கிக்கொண்டார். "ஒரு குடம் நிறைய அவங்க எவ்வளவு நேரம் நிக்கிறாங்கன்னு பாரு. ஏறு வண்டில." வரிசையில் நின்ற ஒரு அக்கா, "குடிக்கத்தான கேக்குறீக, ஒரு கொடம் புடிச்சுக்கிருங்கம்மா" என்று தன் குடத்தை ஒதுக்கி இடம் விட்டார். அம்மா ஒரு பாட்டில் மட்டும் பிடித்துக்கொண்டு கும்பிட்டுவிட்டு வந்தார்.

இந்த மாவட்டத்தில் நிறைய ஊர்களில் நிலத்தடி நீர் உப்பு. காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் அந்தக் குழாய்தான் பல வீடுகளுக்கு ஆதாரம். சுற்றிப் பார்க்க வந்தவர்கள் அதில் தொட்டி நிரப்பக் கூடாது என்று எனக்கு அன்றைக்கு உறைத்தது. அதற்கப்புறம் ராமநாதபுரம் டவுனில் பணம் கொடுத்துத்தான் நிரப்பினோம், அதுவும் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்த பிறகு. உப்புத் தண்ணீரை நிரப்பினால் பம்பிலும் குழாய் வாயிலும் வெள்ளையாகப் படிந்துவிடும். குடிக்கவும் சமைக்கவும் தனியாக 20 லிட்டர் கேன் இரண்டு வைத்துக்கொண்டோம். டவுனைத் தொடும்போதெல்லாம் தொட்டியை நிரப்பிக்கொண்டே கடற்கரைக்குப் போவது என்று வைத்துக்கொண்டால் கவலையில்லை.

அடுத்தது காற்று. அரியமானில் சவுக்குத் தோப்பும் மணலும் அவ்வளவு அழகு, பிள்ளைகள் இறங்கினால் ஏறவே மாட்டார்கள். அங்கேதான் ராத்திரி தங்கினோம். பத்து மணிக்குமேல் வாடைக் காற்று பிடித்துக்கொண்டது. வண்டி தொட்டில் மாதிரி ஆடுகிறது, ஜன்னல் வலை வழியாக மணல் வந்து மெத்தையில், துண்டில், மூடி வைத்த தோசை மாவுக்குள்கூட இறங்கிவிட்டது. யாரும் தூங்கவில்லை. விடிந்ததும் மீன் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "வாடை அடிக்கையில வடகடல்ல வந்து படுத்தா எப்புடித் தூங்குவீக? தென்கடல் பக்கம் போங்க தம்பி, கொளம் மாதிரி கெடக்கும்" என்றார்.

அவர் சொன்னதுதான் இந்தப் பயணத்துக்கே வழிகாட்டி. மண்டபம், பாம்பன் பக்கம் வடக்கே பாக் விரிகுடாவை வடகடல் என்கிறார்கள், தெற்கே மன்னார் வளைகுடா தென்கடல். மழைக்காலத்திலிருந்து தை வரைக்கும் வாடைக் காற்றில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அமைதியாக இருக்கும். ஆனி, ஆடியில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும்போது அப்படியே தலைகீழ். கேம்பர் வேன் உயரமான வண்டி என்பதால் இது காரில் போகிறவர்களைவிட நமக்குத்தான் முக்கியம். 1988-இல் திறந்த பாம்பன் சாலைப் பாலத்தில் ஏறும்போது ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டே போனேன். பக்கத்தில் 1914-ஆம் வருடத்துப் பழைய ரயில் பாலத்தில், 2022 வரை ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவிடுவார்களாம். 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் தூக்குப் பாலத்தைப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அதற்காகச் சாலைப் பாலத்து மேல் வண்டியை நிறுத்தாதீர்கள், மண்டபம் பக்கமே ஓரங்கட்டிவிட்டு நடந்து போங்கள்.

தனுஷ்கோடிக்கு விடியற்காலையில் போய்விடுங்கள். 2017-லிருந்து அரிச்சல்முனை வரைக்கும் தார்ச்சாலை இருக்கிறது, ஆனால் சாயங்காலத்துக்குமேல் அங்கே இருக்க விடமாட்டார்கள், தங்கும் திட்டமே வேண்டாம். தாரை விட்டு ஒரு சக்கரத்தைக்கூட மணலில் இறக்காதீர்கள். கோதண்டராமர் கோயில் பக்கத்துத் தண்ணீரில் பூநாரைகள் நின்றன. அம்மா அங்கேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டார்.

ஏர்வாடிக்கு முன்னால் நிழலைப் பார்த்து ஒரு சீமைக்கருவை மரத்தடியில் நிறுத்தினேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் பின் சக்கரம் உட்கார்ந்திருக்கிறது. பஞ்சர் கடைக்காரர் டயரை மெதுவாக உருட்டி, ஓரிடத்தில் நகத்தால் சுரண்டி, கட்டிங் பிளேயரால் பிடித்து இழுத்தார். அரை விரல் நீளத்துக்கு ஒரு முள், காய்ந்து ஆணி மாதிரி இருந்தது. பிள்ளைகள் அதைத் தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறார்கள். கரிமூட்டம் போடுவதற்காக மரம் வெட்டிய இடங்களில் இந்த முள் தரை முழுக்கக் கிடக்கும். மொட்டை வெயிலாக இருந்தாலும் பரவாயில்லை, ரோட்டோரக் கருவை நிழல் வேண்டாம்.

வண்டியின் டாய்லெட் கழிவுப் பெட்டியைத் தங்கும் விடுதியிலோ பெட்ரோல் பங்கிலோ கேட்டு அங்கே காலி செய்யுங்கள். சோப்புத் தண்ணீரையும் கடற்கரையில் திறந்துவிடாதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை, கடல்பாசி எடுக்கும் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் நாள் முழுக்க நிற்கும் கடல் அது.

கடைசி ராத்திரி மாரியூர். கோயில் பக்கத்தில் கேட்டுவிட்டு, வண்டியின் முதுகை வடக்கே காட்டி நிறுத்தினோம். தென்கடல் அந்த அரியமான் பெரியவர் சொன்ன மாதிரியே குளமாகக் கிடந்தது. வழியில் வாங்கிய பனங்கிழங்கை மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்து, நார் உரித்து உரித்துத் தின்றோம். தொட்டியில் பாதித் தண்ணீர் மிச்சமிருந்தது. ஆடியில் மறுபடி கிளம்புகிறோம், அப்போது தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவே வடகடல் பக்கம்தான் ராத்திரி தங்கல்.