வீடு விலை போகாததற்கு விலை காரணமில்லை

அப்பா கட்டிய மடிப்பாக்கம் வீட்டை விற்க எட்டு மாதம் அலைந்தோம். பார்க்க வந்தவர்களுக்குக் குறைவில்லை. "கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்று போனார்கள், அவ்வளவுதான். விலைதான் கூடுதலோ என்று இரண்டு முறை குறைத்தோம்.

ஒரு தம்பதி அட்வான்ஸ் வரை வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. அவர்களுடைய வங்கியின் வக்கீல் ஒப்புக்கொள்ளவில்லை. பத்திரம் அப்பா பெயரில், நிலம் யாருடையது என்று காட்டும் வருவாய்த் துறைப் பதிவான பட்டாவோ இன்னும் மனையை விற்றவர் பெயரில்! சென்னையில் கடன் இல்லாமல் வீடு வாங்குகிறவர்கள் எத்தனை பேர்? விற்க நினைப்பவர்கள் பெயின்ட் அடிக்கும் முன் பட்டாவை எடுத்துப் பாருங்கள்.

வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பட்டாவை எங்கள் பெயருக்கு மாற்றி, சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் 30 வருட வில்லங்கச் சான்றையும் ஆன்லைனில் எடுத்து, மனையின் முந்தைய உரிமையைக் காட்டும் தாய்ப்பத்திரத்தோடு ஒரே ஃபைலில் வைத்தோம்.

அப்புறம் அந்த ஹால் சுவர். 2015 வெள்ளத்தில் முழங்கால் உயரம் தண்ணீர் நின்ற இடத்தில், எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் உப்புப் பூத்து உதிரும். பூச்சைச் செங்கல் தெரியக் கொத்தி எடுத்து, புதிதாகப் பூசினோம். ஆனால் வெள்ளம் வந்ததை மறைக்கவில்லை. எதுவரை வந்தது என்று சுவரில் கை வைத்தே காட்டினேன். அம்மாவுக்கு அதில் வருத்தம்தான். பக்கத்து வீட்டில் கேட்டால் தெரிந்துவிடுமே அம்மா!

போன வாரம் அதே தம்பதிக்குப் பதிவு முடிந்தது.