வேளச்சேரிக்கு வந்த பிறகு தெரிந்த ஏடிஎச்டி

கல்யாணமாகி மலேசியாவின் பட்டர்வொர்த்திலிருந்து சென்னை வந்தபோது, "அங்கேயும் தமிழ்தானே, உனக்கென்ன கஷ்டம்?" என்றார்கள். மொழியால் கஷ்டம் வரவில்லைதான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில், சிலிண்டர் புக்கிங், தண்ணி லாரிக்கு முன்கூட்டியே சொல்வது, விசா நீட்டிப்புக்கு இ-எஃப்ஆர்ஆர்ஓ (வெளிநாட்டவர் பதிவு அலுவலகம்) தளத்தில் ஏற்ற வேண்டிய ஆவணங்கள் என்று எதுவும் என் தலையில் நிற்கவில்லை. ஊரில் பாதியை அம்மா நினைவுபடுத்திவிடுவார், மீதியைப் பழகிப்போன வழக்கமே பார்த்துக்கொள்ளும். இங்கே அந்த ஊன்றுகோல்கள் எல்லாம் ஒரே நாளில் உருவப்பட்டுவிட்டன.

மாமியார் வல்லாரைத் துவையல் அரைத்துத் தந்தார். ருசி அபாரம். பில் தேதிதான் அப்போதும் மறந்தது.

நாத்தனார் மகனுக்கு ஏடிஎச்டி (கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும் சேர்ந்த கோளாறு) இருக்கிறதா என்று பரிசோதிக்கச் சொல்லிப் பள்ளியில் அனுப்பினார்கள். துணைக்குப் போன நான் அவனுக்கான கேள்வித்தாளைப் படித்தபோது, பாதிக்கு மேல் என்னைப் பற்றியே கேட்பது போலிருந்தது. பெரியவர்களுக்கென உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஆறு கேள்விச் சோதனையை வீட்டில் செய்து பார்த்தேன். அது முதல்கட்டச் சல்லடைதான், அதை வைத்து யாரும் முடிவு சொல்ல மாட்டார்கள். நான் முதலில் பார்த்த மருத்துவர், "எம்பிஏ முடிச்சிருக்கீங்க, உங்களுக்கு எப்படிம்மா?" என்று சிரித்தே அனுப்பிவிட்டார். படிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. துறுதுறுவென்று ஓடாமல் உட்கார்ந்த இடத்தில் கனவு காணும் பெண்பிள்ளைகளை யாரும் கவனிப்பதில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவதாகப் பார்த்த மனநல மருத்துவர் தைராய்டு, ரத்தசோகை, தூக்கம், மனச்சோர்வு எல்லாவற்றையும் முதலில் விசாரித்தார். அப்புறம் மருத்துவ உளவியலாளரிடம் அனுப்பினார். (இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.) அங்கேதான் புலம்பெயர்ந்தவர்களுக்கே உரிய சிக்கல் வந்தது. 2013இல் வந்த டிஎஸ்எம்-5 (மனநலக் கோளாறுகளை வரையறுக்கும் அமெரிக்கக் கையேடு) வரையறைப்படி, 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்திருக்க வேண்டும். என் 12 வயதைப் பார்த்தவர்கள் யாரும் சென்னையில் இல்லையே! அம்மாவை வாட்ஸ்அப் வீடியோவில் அழைத்தோம். "அவளுக்கு ஒண்ணுமில்லைங்க டாக்டர், கொஞ்சம் விளையாட்டுப் புத்தி. மூணு தண்ணி பாட்டில் வாங்கிக் கொடுத்தா மூணையும் ஸ்கூல்ல விட்டுட்டு வந்துடும்" என்றார். உளவியலாளர் எழுதிக்கொண்டே இருந்தார். தமிழ்ப்பள்ளி ரிப்போர்ட் கார்டுகளையும் அம்மா படமெடுத்து அனுப்பினார். வருஷத்துக்கு ஒரு ஆசிரியர், குறிப்பு மட்டும் ஒன்றே: திறமை உண்டு, கவனம் போதாது. வெளிநாட்டில் குடியேறப் போகிறவர்கள் பழைய ரிப்போர்ட் கார்டுகளை ஸ்கேன் செய்து வைத்துக்கொள்வது நல்லது.

ஏடிஎச்டி என்று உறுதியானதும் மனநல மருத்துவர் மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை எழுதித் தந்தார். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருவதால் எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்காது. எந்தக் கடையில் கிடைக்கும் என்று மருத்துவரிடமே கேட்டுவிடுவது அலைச்சலைக் குறைக்கும். தனியாரில் செலவு கட்டுப்படியாகாதவர்களுக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. எங்கே தொடங்குவது என்றே தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

அலுவலகத்தில் சலுகையை உரிமையாகக் கேட்க முடியவில்லை, 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஏடிஎச்டி இல்லை. எனவே மேலாளரிடம், வாயால் சொல்லும் வேலையை மெயிலிலும் போடச் சொன்னேன். சரி என்றார். கரண்ட் பில் இப்போது கணவர் பொறுப்பு. தீபாவளிக்கு ஊருக்குப் போக வேண்டும். மாத்திரையோடு மலேசியாவுக்குள் நுழைய என்ன காகிதம் தேவை என்று தூதரகத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன், மருத்துவர் கடிதமும் தயார்.