பழைய அலாஸ்கா தங்கவயல் வரைபடத்தை இன்றைய நிலத்தில் பொருத்துவது

1902இல் ஃபெலிக்ஸ் பெட்ரோ தங்கம் கண்ட ஃபேர்பேங்க்ஸ் பகுதியின் பழைய நிலவரைபடங்களை அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறையின் டோப்போவியூ தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஜியோடிஃப் கோப்பு (இட அளவுகளும் சேர்ந்த படக்கோப்பு) அட்சரேகை, தீர்க்கரேகைக் கட்டத்துக்குப் பொருத்தப்பட்டே வருகிறது. ஆனாலும் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றியதும் மலைமுகடுகள் மொத்தமாகக் கிழக்கிலோ மேற்கிலோ தள்ளி நிற்கலாம். அச்சான கட்டம் சரிதான். அதற்குள் நிலத்தை வைத்த இடம்தான் பிசகு. அந்தக் காலத்தில் தீர்க்கரேகை கணிக்கக் காலமானியை நம்பிய இடங்களில், 1 விநாடிப் பிழை 15 பாகைவிநாடியாகிவிடும் (ஒரு பாகையில் 3,600 பாகைவிநாடிகள்). 65 பாகை வடக்கில் அது தரையில் கிட்டத்தட்ட 200 மீட்டர். 1927க்கு முந்தைய தாளுக்கு என்ஏடி27 என்ற 1927ஆம் ஆண்டின் வட அமெரிக்க நில அளவை ஆதாரத்திலிருந்து மாற்றும் சூத்திரத்தைப் போட்டாலும் இது தீராது.

ஆகவே கட்டத்தை விட்டுவிட்டு நிலத்தைப் பிடிக்க வேண்டும். ரேடாரால் அளந்த 5 மீட்டர் ஐஎஃப்சார் உயரத்தரவிலிருந்து மலைநிழல் படம் உருவாக்கி, தாளையும் அதையும் அருகருகே வைத்து இரண்டிலும் அடையாளம் தெரியும் 8 முதல் 12 புள்ளிகள் குறித்தோம். முதலில் ஓடைகள் கூடுமிடங்களைத்தான் கை தேடும். கோல்ட்ஸ்ட்ரீம், கிளியரி பள்ளத்தாக்குகளில் அது ஏமாற்றும்: தங்கம் வாரிய டிரெட்ஜ்கள் (மிதக்கும் தோண்டு இயந்திரங்கள்) அடிமண்வரை புரட்டியதில் நீரோட்டமே இடம் மாறிவிட்டது. பெட்ரோ டோம் போன்ற உருண்ட உச்சிகளும் வேண்டாம். 200 அடி இடைவெளிச் சமஉயரக்கோட்டில் உச்சி எங்கே என்று துல்லியமாகச் சொல்ல முடியாது. முகடு இரண்டாகப் பிரியும் இடம், கணவாய், டிரெட்ஜ் எட்டாத மேல்கிளை ஓடைகளின் கூடல் ஆகியவைதான் நம்பகமானவை.

அந்தப் புள்ளிகளைக் கொண்டு தாளை நிலத்துக்கு மாற்றும் உருமாற்றத்துக்கு, தாளை நகர்த்தி, திருப்பி, சீராக நீட்டுவதோடு நிற்கும் முதற்படிப் பல்லுறுப்புக்கோவை போதும். ஒவ்வொரு புள்ளியையும் அப்படியே பொருத்த தாளை வளைக்கும் தின் பிளேட் ஸ்ப்லைன் முறை, எச்சப்பிழையை (பொருத்திய பிறகும் புள்ளி விலகி நிற்கும் தூரத்தை) பூஜ்யமாகக் காட்டும். ஆனால் புள்ளிகளுக்கு இடையே மலையே நெளிந்துபோகும். 1:250,000 அளவுத்திட்டத் தாளில் 1 மில்லிமீட்டர் 250 மீட்டர் என்பதால், அதற்குள் எச்சப்பிழை அடங்கினால் நிறுத்திவிடலாம். ஒரே ஒரு புள்ளி மட்டும் அதிகம் விலகினால், பெரும்பாலும் பக்கத்து முகட்டைத் தவறாகக் குறித்திருப்போம்.

வெளியீட்டுக்கு இபிஎஸ்ஜி 3338 என்ற எண் கொண்ட வரைபட வீழல், அதாவது அலாஸ்கா ஆல்பர்ஸ், நல்லது. இணைய வரைபடங்களில் வழக்கமான வெப் மெர்க்கேட்டர் வீழல் இந்த அட்சத்தில் தூரத்தை இரண்டு மடங்குக்கு மேல் நீட்டிவிடும். புள்ளிக் கோப்பைத் தனியே சேமித்துவையுங்கள்.

இவ்வளவு செய்தும் தனித்தனி கிளெய்ம்களை (தங்கம் எடுக்க உரிமை கோரிய நிலத்துண்டுகளை) இதில் தேட முடியாது. 1,320 அடிக்கு 660 அடி கொண்ட 20 ஏக்கர் கிளெய்ம் தாளில் 1.6 மில்லிமீட்டருக்கு 0.8 மில்லிமீட்டர்தான். அதற்கு 1:62,500 தாள் வேண்டும்.