செங்குறிஞ்சிக் கன்றுகளும் அவற்றின் தாய் மரங்களும்

செங்குறிஞ்சி என்றால் இங்கே பலருக்கும் தெரியாது. செங்கோட்டை தாண்டிக் கொல்லம் பக்கம் போகிறவர்கள் செந்துருணி சரணாலயம் என்ற பெயரையாவது கேள்விப்பட்டிருப்பார்கள். 1984-இல் வந்த அந்தச் சரணாலயத்துக்குப் பெயர் கொடுத்ததே இந்த மரம்தான். மா, முந்திரி குடும்பம். ஆரியங்காவுக் கணவாய்க்குத் தெற்கே, அகத்தியமலை வட்டாரக் காடுகள்தான் அதற்கு வீடு. இதன் இலையைப் பறித்து டிஎன்ஏ எடுக்கும் வேலையில் சில வருடம் இருந்தேன்.

வேலையின் பெயர்தான் பெரிது. காட்டில் பாதி நாள் அண்ணாந்து பார்ப்பதிலேயே போய்விடும். கிளை எட்டாது, உண்டிவில்லால் அடித்துத்தான் தளிரை விழவைக்க வேண்டும். "பால் மேல பட்டுராம சார், பொத்துப் போயிரும்" என்று கூட வரும் காணிப் பழங்குடி அண்ணன் ஒவ்வொரு மரத்தடியிலும் சொல்வார். காற்றுப் பட்டதும் கறுத்துவிடும் பால் அது. இலையைக் கிழித்து, சிலிக்கா ஜெல் போட்ட ஜிப் கவரில் அடைப்போம். நீல மணிகள் வெளிறி இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம், உடனே மாற்றியாக வேண்டும். அந்த ஈரக்காட்டில் இது ஓயாத வேலை. அட்டைக்கடி தனி.

ஆய்வகத்திலும் அந்தப் பால் விடாது. அதிலுள்ள பீனால், டானின் என்ற வேதிப்பொருள்கள் டிஎன்ஏவோடு ஒட்டிக்கொண்டால், குழாயின் அடியில் வெள்ளையாகப் படிய வேண்டியது பழுப்பாகப் படியும், அதை வைத்துக்கொண்டு பிசிஆர் (டிஎன்ஏவைப் பல மடங்காகப் பெருக்கும் முறை) ஓட்டினால், டிஎன்ஏவைப் பட்டையாகப் பிரித்துப் பார்க்கும் ஜெல்லில் ஒன்றும் தெரியாது. இலையிலிருந்து டிஎன்ஏவைப் பிரிக்க 65 டிகிரியில் வைக்கும் சிடிஏபி கரைசலில், பீனாலைப் பிடித்துக்கொள்ளும் பிவிபி தூளைக் கூடுதலாகச் சேர்த்து, குளோரோபார்மில் மறுபடியும் கழுவி... சரி, அது பெரிய கதை.

இந்த மாதிரி ஆய்வுகளில் வசதிக்காகப் பெரிய மரங்களை மட்டும் எடுத்துவிட்டு, மரபணு வேறுபாடு நன்றாக இருக்கிறது என்று எழுதிவிடலாம். ஆனால் அந்த மரங்கள் காடு துண்டாவதற்கு முன்பே முளைத்தவை, பழைய காலத்துக் கணக்கைத்தான் சொல்லும். இன்று யாரோடு யார் சேர்ந்து காய்க்கிறார்கள் என்பது அடியில் நிற்கும் நாற்றில்தான் தெரியும். அதையும் பறிக்க வேண்டும். செங்குறிஞ்சியில் நாற்றே அரிது என்பதுதான் சிக்கல்.

அதனால் நாற்றங்கால் முக்கியம். மாங்கொட்டை மாதிரிதான் இதன் விதையும், காய்ந்தால் உயிர் போய்விடும், உலர்த்திக் குளிரறையில் வருடக்கணக்காக வைத்துக்கொள்ள முடியாது. விழுந்த கையோடு பையில் ஊன்ற வேண்டும். நான் பார்த்த ஒரு நாற்றங்காலில் கன்றுகள் கண்ணுக்குக் குளிர்ச்சியாக நின்றன. விதை எங்கிருந்து என்று கேட்டேன். ஜீப் போகிற பாதையோரம் ஒரு மரம் நன்றாகக் காய்க்குமாம், மொத்தமும் அதிலிருந்துதான். அத்தனையும் ஒரு தாய் பிள்ளைகள்! அவற்றை ஒரே சரிவில் நட்டால் நாளைக்கு அவை தங்களுக்குள்ளேயே கலந்து காய்க்கும், வீரியம் குறையும். பதிவேட்டில் கன்றுகளின் எண்ணிக்கைக்கு மட்டும்தான் கட்டம் இருந்தது, தாய் மரத்துக்கு இல்லை.

குறைந்தது 30 தாய் மரம், ஒன்றுக்கொன்று 100 மீட்டராவது தள்ளி என்பது விதை சேகரிப்பில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. இந்த மரத்துக்கு அவ்வளவு அமைவது கஷ்டம்தான். ஆனால் ஒவ்வொரு தாய்க்கும் ஒரு எண், ஜிபிஎஸ் குறிப்பு, பையில் ஒரு தகரச் சீட்டு, இதற்குப் பெரிய செலவு கிடையாது. பிசிஆர் மெஷினும் வேண்டாம்.