ஸ்டாண்ட்பை மறுபடி ஏறும்வரை

மார்ச் 4
போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். இரண்டாவது ஸ்டாண்ட்பை (நகல் சர்வர்) கேட்கும் வால் கோப்பு (WAL, மாற்றங்களின் பதிவு) பிரைமரியில் (மூல சர்வர்) அழிந்தாயிற்று. நகல் வாங்கும்வரை அதை அழியாமல் பிடித்துவைக்கும் ஸ்லாட் போடவில்லை. இனி முழு பேஸ்பேக்கப்தான்: தரவை முதலிலிருந்து நகலெடுப்பது.

மார்ச் 5
வால் ரிசீவர் வியூவில் (ஸ்டாண்ட்பையின் இணைப்பைக் காட்டும் அட்டவணை) பிரைமரிக்கான கடவுச்சொல் நட்சத்திரக் குறிகளாகத்தான் தெரிகிறது. ஆட்டோ.கான்ஃப் என்ற அமைப்புக் கோப்பில் அப்பட்டமாகக் கிடக்கிறது. பேஸ்பேக்கப் எடுக்கும் பிஜி_பேஸ்பேக்கப் நிரலுக்குப் பெரிய -ஆர் கொடுத்தால், அந்த இணைப்புக்குப் பயன்பட்டதை அங்கே அப்படியே எழுதிவைக்கும். கேட்டபோது தட்டினாலும், பிஜிபாஸ்வேர்ட் சூழல் மாறியில் வைத்தாலும் கடவுச்சொல்லே போய்ச் சேரும். .பிஜிபாஸ் என்ற கடவுச்சொல் கோப்பு வழியாக வந்தால் கோப்பின் பாதை மட்டும்.

மார்ச் 6
.பிஜிபாஸ் இருந்தும் கேட்டது ஏன்? அனுமதி 0644, மற்றவரும் படிக்கலாம். 0600-ஐவிட (உரியவருக்கு மட்டும்) தளர்ந்திருந்தால் ஓர் எச்சரிக்கையோடு கோப்பை ஒதுக்கிவிடும். பிறகு கடவுச்சொல் கேட்கும், யாரோ தட்டுவார்கள், அது ஆட்டோ.கான்ஃபில் உட்கார்ந்துகொள்ளும். இனி எப்போதும் சின்ன -டபிள்யூ: கேட்காமல் தோற்றுப்போகட்டும்.
.பிஜிபாஸ் வரியின் மூன்றாவது புலத்தில் டேட்டாபேஸ் பெயர் போட்டால் பொருந்தாது. 'ரெப்ளிகேஷன்' என்றோ * என்றோ இருக்க வேண்டும். கடவுச்சொல்லில் முக்காற்புள்ளி இருந்தால் முன்னால் பின்சாய்கோடு.

மார்ச் 7
.பிஜிபாஸைத் தரவுக் கோப்பகத்துக்குள் வைக்காதே. பேஸ்பேக்கப் அதையும் அள்ளிக்கொண்டு போகும்.

மார்ச் 9
ஆட்டோ.கான்ஃபில் வரியைத் திருத்தியாயிற்று. அதனால் என்ன? இடையில் எடுத்த எல்லா பேக்கப்பிலும் பழைய வரி இருக்கிறது. கடவுச்சொல்லையே மாற்றியாக வேண்டும்.
கடவுச்சொல் மாற்ற ஆல்ட்டர் ரோல் என்று நேராக எழுதினால் கட்டளை வரலாற்றுக் கோப்பிலும், லாக்_ஸ்டேட்மென்ட் அமைப்பு டிடிஎல்-இல் இருந்தால் சர்வர் லாகிலும் தங்கும். பிஎஸ்கியூஎல்லின் (கட்டளை தட்டும் நிரல்) \பாஸ்வேர்ட் கட்டளை இந்தப் பக்கமே ஹாஷ் (திரும்பப் படிக்க முடியாத வடிவம்) ஆக்கித்தான் அனுப்புகிறது.

மார்ச் 10
ஒரு ரோலுக்கு (டேட்டாபேஸ் பயனர்) ஒரே கடவுச்சொல்தான். இரண்டு ஸ்டாண்ட்பையையும் ஒரே நொடியில் மாற்ற முடியாது. ஆகவே ரெப்ளிகேஷன் உரிமையோடு புது ரோல். யார் இணையலாம் என்று சொல்லும் ஹெச்பிஏ கோப்பில் ஹோஸ்ட்எஸ்எஸ்எல் (மறையாக்கிய இணைப்பு மட்டும்), ஸ்க்ராம் (கடவுச்சொல் சரிபார்ப்பு முறை). ஒவ்வொன்றாக நகர்த்தி, கடைசியில் பழையதை நீக்குவது.

மார்ச் 11
முதல் ஸ்டாண்ட்பை புது ரோலில். எல்லாம் பச்சை. நம்பவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் இணைப்பு பழைய கடவுச்சொல்லிலேயே நாள்கணக்கில் ஓடும். மறுபடி இணையும்போதுதான் விழும். பிரைமரியில் வால் அனுப்பும் அந்த வால்சென்டரை பிஜி_டெர்மினேட்_பேக்கெண்டால் அறுத்துவிட்டு, தானே திரும்பி வருகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. வந்தது.

மார்ச் 12
இரண்டாவது ஸ்டாண்ட்பை: பெரிய -சி, பெரிய -எஸ் போட்டு ஸ்லாட்டோடு பேஸ்பேக்கப். லாகில் 'நோ பாஸ்வேர்ட் சப்ளைட்': கடவுச்சொல் வரவில்லையாம். .பிஜிபாஸ் இருப்பது ரூட் பயனரின் வீட்டுக் கோப்பகத்தில். சேவை ஓடுவதோ போஸ்ட்கிரெஸ் பயனராக.

மார்ச் 13
இடம் மாற்றியாயிற்று. 0600. அறுத்துப் பார்க்க இரவு வரை பொறுக்க வேண்டும்.